கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு மியூசியம்: எங்கே கட்டுவது, எப்படிக் கட்டுவது?

(இறுதியாண்டு சிவில் மாணவர் ஒருவரின் கட்டுரை)



மலர்க் குழுவினர் என்னிடம், "பாடத்தை ஒட்டி ஏதாவது எழுது, ஆனா போர் அடிக்கக் கூடாது" என்றார்கள். சிவில்காரன் எழுதினால் கான்கிரீட் கலவை விகிதம்தான் வரும் என்று மெக்கானிக்கல் நண்பர்கள் கிண்டல் செய்வது எனக்குத் தெரியும். பயப்பட வேண்டாம். இந்தக் கட்டுரை பழைய கோட்டைகளைப் பற்றியது. அவற்றின் பக்கத்தில் அருங்காட்சியகம் கட்டுவது எப்படி என்பதுதான் நாம் பார்க்கப் போகும் பாடம். இது நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். எனக்கு இந்தக் கேள்வி வந்தது பழைய பல்லாவரத்தில் இருக்கும் என் சித்தப்பா வீட்டில்.

சித்தப்பா தன் ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, கீழே ஒன்று மேலே ஒன்றாகக் கட்ட நினைத்தார். பிளான் போட்டு, எஸ்டிமேட் எடுத்து, விண்ணப்பமும் கொடுத்தார். அனுமதி கிடைக்கவில்லை. பக்கத்தில் பாதுகாக்கப்பட்ட தொல்லியல் பகுதி இருக்கிறதாம். சித்தப்பா என்னைக் கூப்பிட்டு, "நீதான் சிவில் படிக்கிறியேடா, சொல்லு. முப்பது வருஷமா இங்க இருக்கேன். எந்தக் கோட்டையையும் நான் பாத்ததில்ல. அங்க முள்ளுச்செடியும் குப்பையும்தான் இருக்கு. செத்தவன் குழிக்கு இருக்கிற மரியாதை உயிரோட இருக்கிறவன் வீட்டுக்குக் கிடையாதா?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பதிலைத் தேடிப் படித்ததைத்தான் இங்கே தருகிறேன்.

1. கண்ணுக்குத் தெரியாத கோட்டை

முதலில் டென்மார்க்குக்குப் போவோம். அங்கேயும் பல கோட்டைகள் கண்ணுக்குத் தெரியாதவை. வைக்கிங் என்று பெயர் பெற்ற கடலோடி வீரர்கள் வாழ்ந்த காலத்தில், சுமார் கி.பி. 980-ல், அந்நாட்டு மன்னர் ஹரால்டு வட்ட வடிவில் சில கோட்டைகளைக் கட்டினார். 'நீலப்பல்' என்பது அவருடைய பட்டப் பெயர். அதை ஆங்கிலத்தில் சொன்னால் ப்ளூடூத்! நம் போனில் பாட்டு அனுப்பும் ப்ளூடூத்துக்கு இவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அந்தச் சின்னமும் அவர் பெயரின் இரண்டு பழைய எழுத்துகளைச் சேர்த்து வரைந்ததுதான். எலக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் குறித்துக் கொள்ளவும், வைவாவில் உதவும்.

இந்தக் கோட்டைகளில் பெயர் பெற்றது டிரெல்லபோர்க். அதன் வரைபடத்தைப் பார்த்தால் நம் டிராயிங் ஆசிரியரே பாராட்டுவார். காம்பஸ் வைத்து வரைந்தது போல ஒரு வட்டம். உள் விட்டம் சுமார் 136 மீட்டர். சுற்றிலும் மரச்சட்டத்துக்குள் மண்ணைக் கொட்டி எழுப்பிய, ஏறக்குறைய 5 மீட்டர் உயர அரண். நான்கு திசைக்கும் ஒவ்வொரு வாசல். வாசல்களை இணைக்கும் இரண்டு தெருக்கள் நடுவில் செங்குத்தாக வெட்டிக்கொண்டு வட்டத்தை நான்காகப் பிரிக்கின்றன. ஒவ்வொரு பகுதியிலும் சதுரமாக வைத்த 4 நீண்ட வீடுகள், ஆக மொத்தம் 16. ஒவ்வொரு வீட்டின் நீளமும் 100 ரோமானிய அடிக்கு மிக நெருக்கமாக வருகிறது. ஒரு ரோமானிய அடி என்பது சுமார் 29.5 சென்டிமீட்டர். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், டம்பி லெவலும் டோட்டல் ஸ்டேஷனும் இல்லாமல், கயிறும் முளைக்குச்சியும் வைத்துக்கொண்டு இந்தத் துல்லியம்!

ஆனால் எல்லாமே மண்ணும் மரமும்தான். மரம் மக்கிப் போனது. மிஞ்சியது புல் மூடிய ஒரு மண்மேடு. 1930-களில் உள்ளூர் மோட்டார் சைக்கிள் கிளப் ஒன்று, வட்டமாக வசதியாக இருக்கிறதே என்று அதை ரேஸ் ஓட்டும் இடமாக்கப் பார்த்தது. அந்த யோசனை வந்ததால்தான் அந்நாட்டுத் தேசிய அருங்காட்சியகம் முழித்துக்கொண்டு 1934-ல் அகழாய்வைத் தொடங்கி 1942 வரை நடத்தியது. இன்னொரு கோட்டையான போர்க்ரிங், வருஷக் கணக்காக உழுது உழுது தட்டையாகிவிட்ட வயலில் மறைந்து கிடந்தது. விமானத்திலிருந்து லேசர் மூலம் எடுத்த தரைமட்ட அளவுகளில் வட்டம் தெரிந்ததால் 2014-ல் அது வெளியே வந்தது. நாம் லெவலிங் வகுப்பில் தூக்கம் வழியப் போடும் கான்டூர் கோடுகளுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு. 2023-ல் இவை இரண்டும் சேர்த்து 5 வட்டக் கோட்டைகள் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

இங்கே நமக்கு வேண்டிய பாடம் என்ன? மக்கிப் போன மரத்தூண்கள் இருந்த குழிகள், மண்ணில் கறுத்த வட்டங்களாகத் தெரிந்தன. அகழாய்வு செய்தவர்கள் அந்த இடங்களை கான்கிரீட் போட்டு அடையாளம் செய்தார்கள். வருகிறவர்கள் வீட்டின் உருவத்தைத் தரையிலேயே பார்க்கலாம். 1942-ல் ஒரு முழு வீட்டையும் மரத்தில் மாதிரியாகக் கட்டினார்கள். ஆனால் கோட்டைக்குள் கட்டவில்லை, வெளியே தள்ளிக் கட்டினார்கள். அதுதான் பின்னால் காப்பாற்றியது. வீட்டைச் சுற்றி வெளியே இருந்த தூண்குழிகளை ஒரு தாழ்வாரத்தின் தூண்கள் என்று நினைத்து அந்த மாதிரியைக் கட்டியிருந்தார்கள். பிற்கால ஆய்வில், அவை சுவரைத் தாங்கச் சாய்த்து வைத்த முட்டுக்கட்டைகள் என்று தெரிந்தது. ஃபிர்காட் என்ற இன்னொரு கோட்டைக்குப் பக்கத்தில் 1980-களில் மாதிரி வீடு கட்டியபோது சாய்ந்த முட்டுகளை வைத்தே கட்டினார்கள். முதல் வீட்டை அசல் குழிகள் மேலேயே கட்டியிருந்தால், தவறைக் கண்டுபிடிக்கும் சாட்சியையும் சேர்த்து அழித்திருப்பார்கள்.

ஆகவே விதி ஒன்று: புதிதாக எதைக் கட்டினாலும், நாளைக்கு அது தவறு என்று தெரியலாம் என்று நினைத்துத் தள்ளிக் கட்ட வேண்டும்.

2. நம் கடற்கரையில் ஒரு டேனிஷ் கோட்டை

'போர்க்' என்றால் அவர்கள் மொழியில் கோட்டை. இதே 'போர்க்' நம் தமிழ்நாட்டிலும் ஒன்று உண்டு. தரங்கம்பாடியில் இருக்கும் டான்ஸ்போர்க், அதாவது டேனியர் கோட்டை. தாம்பரத்திலிருந்து பாண்டிச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாகப் போனால் ஆறேழு மணி நேரப் பயணம். இப்போது அது மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. இண்டஸ்ட்ரியல் விசிட் என்று சொல்லி ஊட்டிக்கே போய்க்கொண்டிருக்காமல், ஒரு தடவை அங்கேயும் போகலாம்.

வைக்கிங் காலம் முடிந்து பல நூறு வருஷங்களுக்குப் பிறகு நடந்த கதை இது. 1616-ல் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியன் ஆதரவில் டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது. அதன் கடற்படைத் தலைவர் ஓவே கெத்தே 1620-ல் இங்கே வந்தார். தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் ஏற்பட்டு, கடலோரத்தில் கோட்டை எழுந்தது. நாயக்கர் டென்மார்க் மன்னருக்குப் பொன் ஓலையில் எழுதிய கடிதம் இன்றும் அந்த நாட்டில் பத்திரமாக இருக்கிறது. மிளகு வாங்க வந்தவர்கள் 225 வருஷம் இருந்தார்கள். 1706-ல் வந்த சீகன்பால்கு இங்கேதான் அச்சுக்கூடம் வைத்துத் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். கடைசியில் 1845-ல் தரங்கம்பாடியையும் வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்து, பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள்.

பிறகு ஊரின் வியாபாரம் படுத்துவிட்டது. கோட்டை பயணியர் விடுதியாகக்கூட இருந்தது. 1978-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, உள்ளேயே அருங்காட்சியகம் அமைத்தது. டேனியர் காலக் காசுகள், பீங்கான், சுடுமண் பொருள்கள், ஆவணங்கள் ஆகியவற்றை அங்கே பார்க்கலாம். 2000-த்துக்குப் பிறகு டென்மார்க்கில் உள்ள தரங்கம்பாடி சங்கத்தாரும் தொல்லியல் துறையும் சேர்ந்து கோட்டையைப் பழுது பார்த்தார்கள்.

சிவில் கண்ணோடு பார்த்தால் இந்த ஏற்பாட்டில் நன்மையும் உண்டு, சிரமமும் உண்டு.

நன்மை: காட்சிப் பொருள் இருக்கும் கட்டடமே ஒரு காட்சிப் பொருள். கீழ்த் தளத்தின் தடித்த வளைகூரை அறைகளில் சரக்கும் வெடிமருந்தும் கைதிகளும் இருந்தார்கள். மேலே அதிகாரிகள் இருந்தார்கள். இதைப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை. படியேறினால் புரிந்துவிடும். ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தால், ஏன் இந்த இடத்தில் கட்டினார்கள் என்பதும் புரிந்துவிடும்.

சிரமம்: இது செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த பழைய கட்டுமானம். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். அதாவது உள்ளே போன ஈரம் மெதுவாக வெளியே வந்துவிடும். நம் ஊர்ப் பழக்கத்தில், விரிசல் என்றதும் சிமெண்ட் பூசிவிடுகிறோம். சிமெண்ட் பூச்சு கெட்டியானது, ஈரத்தை வெளியே விடாது. கடற்கரையில் அந்த ஈரத்தோடு உப்பும் சேர்ந்து வரும். உப்பு சுவருக்குள்ளேயே படிகமாகி, செங்கல்லைப் பொடிப்பொடியாக உதிர வைக்கும். பூச்சு அப்படியே நிற்கும், உள்ளே சுவர் கரைந்துவிடும்! வெளியில் பார்த்தால் 'பிரமாதமாகப் பழுது பார்த்திருக்கிறார்கள்' என்றுதான் தோன்றும். அதனால்தான் பழைய சுண்ணாம்புக் கட்டடத்துக்கு மறுபடியும் சுண்ணாம்பே போட வேண்டும் என்கிறார்கள். அடுத்து, பழைய கோட்டைக்குள் மியூசியம் என்றால் ஒயரிங், விளக்கு, பேனல் மாட்ட ஆணி, கூட்டத்தின் பாரம், எல்லாம் பழைய சுவர் மேலும் தளத்தின் மேலும்தான் போகும். உப்புக் காற்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் இரும்பையும் செம்பையும் விடாது.

இதையெல்லாம் விடப் பெரிய சிரமம் கடல். கோட்டைக்குப் பக்கத்திலேயே மாசிலாமணி நாதர் கோயில் இருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில். அதன் பெரும்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமி இந்த ஊரைப் பலமாகத் தாக்கிப் பல உயிர்களைக் கொண்டுபோனது. கரையில் கொட்டிய பாறைகள்தான் இன்று அலையைத் தடுத்து நிற்கின்றன. கோட்டையைக் காப்பது என்றால் சுவரை மட்டும் காப்பதல்ல, கரையையும் காப்பதுதான் என்று அங்கே போய் நின்றால் புரிகிறது.

விதி இரண்டு: பழைய கட்டடத்துக்குள் போகிற எதுவும், சுவருக்குக் காயமில்லாமல் நாளைக்குக் கழற்றி எடுக்கக் கூடியதாக இருக்க வேண்டும்.

3. குழியின் மேலேயும், குழிக்குத் தள்ளியும்

கோட்டை இல்லாத இடங்களில் என்ன செய்தார்கள்? தமிழ்நாட்டிலேயே 2023-ல் இரண்டு உதாரணங்கள் கிடைத்தன.

கீழடியில் தள்ளிக் கட்டினார்கள். அகழாய்வுக் குழிகள் ஓரிடம், அருங்காட்சியகம் வேறிடம். 2 ஏக்கர் நிலத்தில் சுமார் 31,000 சதுர அடியில், செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் முற்றமும் தாழ்வாரமுமாகக் கட்டி 2023 மார்ச் 5 அன்று திறந்தார்கள். வைகைக் கரையில் கிடைத்த பானை ஓடு அதே வைகைக் கரையில் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்து பார்க்கிறார்கள்.

ஆதிச்சநல்லூரில், அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம், குழியின் மேலேயே அமைத்தார்கள். முதுமக்கள் தாழிகள் மண்ணில் எப்படி இருந்தனவோ அப்படியே விட்டு, மேலே கண்ணாடித் தளம் போட்டார்கள். காலுக்குக் கீழே தாழிகளைப் பார்க்கும்போது உண்டாகும் உணர்ச்சி பெட்டிக்குள் வைத்தால் வராது. ஆனால் கண்ணாடிக்கு அடியில் ஈரம் தேங்கினால் பாசியும் பூஞ்சையும் வரும். தொடர்ந்து பராமரிக்க ஆளும் பணமும் வேண்டும். திறப்பு விழாவோடு வேலை முடிந்துவிடாது.

4. நம்ம பல்லாவரம்

இப்போது வீட்டுக்கு வருவோம். நாம் தினமும் மின்சார ரயிலில் தாண்டிப் போகும் பல்லாவரம் சாதாரண ஊரில்லை.

1863 மே 30 அன்று, புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபுட் என்பவர் பல்லாவரத்தில் ஒரு சரளை மண் குழியிலிருந்து செதுக்கிய கல் ஒன்றை எடுத்தார். அது பழைய கற்கால மனிதனின் கைக்கோடரி. இந்தியாவில் அப்படிப்பட்ட மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதலில் அடையாளம் கண்ட கருவி அதுதான். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அலெக்சாண்டர் ரீ என்பவர் பல்லாவரம் குன்றுப் பகுதியில், அடியில் கால்கள் வைத்த சுடுமண் ஈமப் பேழைகளைக் கண்டெடுத்தார். 7-ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகையும் இங்கே உண்டு. அது இப்போது தர்கா.

சரி, இவற்றைப் பார்க்க எங்கே போக வேண்டும்? பல்லாவரத்தில் கிடைத்தவற்றைப் பார்க்க எழும்பூர் அருங்காட்சியகத்துக்குத்தான் ரயில் ஏற வேண்டும். எழும்பூரில் அவை பத்திரமாக இருக்கின்றன, அதில் குறையில்லை. ஆனால் கிடைத்த இடத்தில் வாழ்கிறவர்களுக்கு, தாங்கள் எதன் மேல் வாழ்கிறோம் என்று சொல்ல ஆளில்லை.

சித்தப்பாவுக்கு நான் இப்போது சொல்லும் பதில் இதுதான். 1958-ஆம் ஆண்டு தொல்லியல் சின்னங்கள் சட்டத்தில் 2010-ல் வந்த திருத்தப்படி, தேசிய முக்கியத்துவம் உள்ளதாக அறிவித்த சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டருக்குள் அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். 100 மீட்டருக்குள் இருக்கும் பழைய வீட்டைப் பழுது பார்க்க விண்ணப்பிக்கலாம். சட்டத்துக்குக் காரணம் இருக்கிறது. கடைக்கால் தோண்டினால் ஈமக்குழி போய்விடும். போனால் திரும்ப வராது.

அவர் விடவில்லை. "காரணம் இருக்கட்டும்டா. அந்தக் காரணத்தை இத்தனை வருஷமா எங்க தெருவுல யாராவது ஒரு போர்டு போட்டுச் சொன்னாங்களா?" என்றார். நியாயமான கேள்வி. டிரெல்லபோர்க்கில் வெறும் புல்மேடுதான். அங்கே மியூசியமும் தரையில் அடையாளங்களும் இருப்பதால் ஊர்க்காரர்கள் அதைத் தங்கள் சொத்தாக நினைக்கிறார்கள். எதைக் காப்பாற்றுகிறோம் என்று காட்டாமல் காப்பாற்றினால், ஜனங்களுக்கு அது வெறும் தடையாகத்தான் தெரியும். சித்தப்பா மாடி இன்னும் எழும்பவில்லை. அந்த நஷ்டத்தை என் கட்டுரை தீர்த்துவிடாது. ஆனால் அந்தப் பகுதியில் ஒரு சின்ன காட்சிக்கூடமாவது, பழைய கட்டடம் ஒன்றிலாவது, இருந்தால் அவர் கோபத்தில் பாதியாவது குறையும் என்று நினைக்கிறேன்.

5. நாம் என்ன செய்யலாம்?

நண்பர்களே! டிப்ளமோ முடித்ததும் நம்மில் பாதிப் பேர் சைட் சூப்பர்வைசர்தான். குன்றத்தூர், வண்டலூர், சேலையூர், மேடவாக்கம் என்று எங்கே பார்த்தாலும் அபார்ட்மெண்ட் வேலை. ஜேசிபி மண்ணை அள்ளும்போது பக்கத்தில் நிற்பது கலெக்டரும் இல்லை, தொல்லியல் அதிகாரியும் இல்லை. நாம்தான். ஆகவே:

1. வட்டமாக அடுக்கிய பெரிய கற்கள், கறுப்பு சிவப்புப் பானை ஓடு, தாழி, எலும்பு எது தெரிந்தாலும் அந்த இடத்தில் மட்டும் தோண்டுவதை நிறுத்துங்கள். பொருளைப் பிடுங்கி எடுக்காதீர்கள். எந்த ஆழத்தில், எந்த மண் அடுக்கில் இருந்தது என்பதுதான் அதன் பாதிக் கதை.

2. ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுங்கள். ஒரு நிலையான புள்ளியிலிருந்து தூரமும் ஆழமும் அளந்து குறியுங்கள். செயின் சர்வேயில் படித்த ஆஃப்செட் இதற்குப் போதும்.

3. தாசில்தார் அல்லது கலெக்டர் அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். காண்ட்ராக்டர் திட்டுவார். "லேட்டாயிடும்பா, மூடு" என்பார். அப்போது சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்று தெரிந்திருந்தால் தைரியமாகப் பேசலாம்.

4. கடைசி வருஷ ப்ராஜெக்டுக்கு எல்லாரும் ஒரே 'ஜி பிளஸ் டூ குடியிருப்பு' செய்யாமல், ஒரு குழுவாவது உரிய அனுமதி பெற்று நம் பகுதிப் பழைய கட்டடம் ஒன்றை அளந்து வரைபடம் போடலாம். நாளைக்குப் பழுது பார்க்கிறவருக்கு அந்தத் தாள் உதவும்.

டிரெல்லபோர்க்கில் மோட்டார் சைக்கிள் ஓடுவதற்கு முன்னால் யாரோ ஒருவர் "கொஞ்சம் பொறுங்கள், இது என்ன மேடு?" என்று கேட்டதால்தான் ஒரு கோட்டை பிழைத்தது. நம் பக்கத்திலும் அப்படிக் கேட்கிற வேலை நமக்குத்தான் வரும்.

அடுத்த ஞாயிறு ஃப்ரீயாக இருக்கும் நண்பர்கள் சொல்லுங்கள். பல்லாவரம் ஸ்டேஷனில் சந்தித்து, குன்றைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, அப்படியே ரயில் ஏறி எழும்பூருக்கும் போய்வருவோம். சித்தப்பாவையும் கூட்டி வருகிறேன். அவர் இன்னும் அந்தக் கைக்கோடரியைப் பார்க்கவில்லை.